முன்பக்க இன்டர்கூலர்: காற்றை ஆற்றும் பெட்டியும் அதை வீட்டில் மாட்டும் முறையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் சனிக்கிழமை காலையில் தெருவில் நடந்தால், ஏதாவது ஒரு முற்றத்தில் பானட் திறந்து கிடக்கும். டர்போ வண்டியாக இருந்தால் பேச்சு சீக்கிரமே இன்டர்கூலருக்கு வந்துவிடும். "பெருசா போடு தம்பி, பவர் தானா ஏறும்" என்பார் ஒருவர். "பெருசு போட்டா லேக் அடிக்கும்ணா" என்பார் இளையவர், அழுத்தியபின் இழுவை தாமதமாக வரும் என்ற பொருளில். "ரேடியேட்டர் மாதிரிதான், தண்ணிக்குப் பதிலா காத்து ஓடுது" என்று முடித்து வைப்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்தக் கொஞ்சத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மாட்டும்போதுதான் ஹோஸ் கழன்று வழியில் நிற்பதும், ஏசி குளிராமல் போவதும், போட்ட பணத்துக்கு ஒரு மாற்றமும் தெரியாமல் போவதும் நடக்கிறது.

இது டர்போ வண்டி வைத்திருந்தும் இன்டர்கூலர் எப்படி வேலை செய்கிறது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தராதவர்களுக்கான விளக்கம். முதலில் காற்றைப் புரிந்துகொள்வோம், பிறகு ஸ்பேனரை எடுப்போம்.

ஒரு படி பொரியும் ஒரு படி அரிசியும்

ஒரு படி அரிசியையும் ஒரு படி பொரியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அளவு ஒன்றுதான், எடை ஒன்றல்ல. வயிறு நிறைக்கப்போவது எடை. காற்றும் அப்படித்தான். சூடான காற்று பொரி, குளிர்ந்த காற்று அரிசி. இன்ஜினின் சிலிண்டர் ஒரு படி மாதிரி. ஒவ்வொரு முறையும் அதே அளவு காற்றைத்தான் அளந்து எடுக்கும். அந்தப் படிக்குள் எத்தனை கிராம் காற்று இருக்கிறது என்பதைப் பொறுத்தே எவ்வளவு பெட்ரோலை எரிக்க முடியும் என்பது முடிவாகிறது.

டர்போ என்பது புகைபோக்கி வழியாக வெளியேறும் வாயுவின் வேகத்தால் சுற்றும் ஒரு காற்றாடி. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு காற்றாடி வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இப்படிக் கூடுதலாக ஏறும் அழுத்தத்துக்கு பூஸ்ட் என்று பெயர். மீட்டரில் 1 பார் பூஸ்ட் என்றால், கடலோரத்தில் காற்றை ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்குகிறோம் என்று பொருள்.

அமுக்கினால் காற்று சூடாகும். சைக்கிள் பம்பை வேகமாக நாலைந்து முறை அடித்துவிட்டு அதன் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அந்தச் சூடு உராய்வால் மட்டும் வந்ததில்லை, அமுக்குவதாலேயே வருவது. டர்போவுக்குள் இது பல மடங்கு. வெளியே 30 டிகிரி இருக்கும் டர்பன் நாளில், 70 சதவீதத் திறனுள்ள டர்போ 1 பார் பூஸ்ட் கொடுத்தால், அதிலிருந்து வெளிவரும் காற்று சுமார் 125 டிகிரி இருக்கும். கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடு. அரிசியாக வர வேண்டியது பாதி பொரிந்து வருகிறது.

இதுவரை: இன்ஜினுக்கு வேண்டியது காற்றின் எடை. டர்போ எடையை ஏற்றுகிறது, கூடவே சூட்டையும் ஏற்றுகிறது. அந்தச் சூடு, ஏற்றிய எடையில் ஒரு பங்கைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது.

டீ ஆற்றுவது போல

சூடான டீயை எப்படி ஆற்றுகிறோம்? டம்ளரிலிருந்து டபராவுக்கு உயரத் தூக்கி ஊற்றுகிறோம். டீ மெல்லிய தாரையாக நீளும்போது அதன் மேற்பரப்பு விரிகிறது. அதன் மேல் புதுக்காற்று படுகிறது. பரப்பு விரிவதும் மேலே படும் காற்று மாறிக்கொண்டே இருப்பதும் சேர்ந்தால்தான் சூடு இறங்கும். மூடிய அறையில் டம்ளரை அப்படியே வைத்தால் டீ வெகுநேரம் சுடும்.

இன்டர்கூலர் செய்வதும் இதேதான். டர்போவிலிருந்து வரும் சூடான காற்று பல மெல்லிய அலுமினியக் குழாய்களாகப் பிரிந்து ஓடுகிறது. குழாய்களுக்கு இடையில் மடித்த தகடுகள் இருக்கும், அவை ஃபின். வண்டி ஓடும்போது வெளிக்காற்று அந்த ஃபின்கள் வழியே புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. குழாயும் ஃபின்னும் சேர்ந்த நடுப்பகுதி கோர். கோரின் இரு பக்கமும் காற்றைப் பிரித்துவிடவும் சேர்க்கவும் இருக்கும் பெட்டிகள் எண்ட் டேங்க். டர்போவிலிருந்து கோர் வரை வரும் குழாய் ஹாட் சைடு, கோரிலிருந்து இன்ஜினுக்குப் போவது கோல்டு சைடு. உள்ளே ஓடும் காற்றும் வெளியே அடிக்கும் காற்றும் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை.

கோர் நல்லதா இல்லையா என்பதை இரண்டு எண்களால் சொல்லிவிடலாம். முதல் எண், குளிர்விக்கும் திறன். உள்ளே வரும் காற்று 125 டிகிரி, வெளிக்காற்று 30 டிகிரி என்றால் இடைவெளி 95. அதில் எத்தனை டிகிரியை இறக்குகிறது? 80 சதவீதம் இறக்கும் கோர் 76 டிகிரியை எடுத்துவிடும். இன்ஜினுக்குப் போவது 49 டிகிரி. எவ்வளவு பெரிய கோர் போட்டாலும் காற்றை வெளிக்காற்றின் 30 டிகிரிக்குக் கீழே கொண்டுபோக முடியாது.

இரண்டாவது எண், அழுத்த இழப்பு. நெருக்கமான குழாய்கள் வழியே காற்று புகுந்து வரும்போது கொஞ்சம் அழுத்தம் வழியிலேயே போய்விடும். முழு பூஸ்டில் 0.1 பாருக்குள் இருந்தால் நல்ல கோர். 0.3 பார் போகிறது என்றால், அதை ஈடுகட்ட டர்போ இன்னும் கடுமையாக அமுக்க வேண்டும், அதனால் இன்னும் சூடாகும். இன்டர்கூலர் போட்டதன் நோக்கமே கெட்டுவிடும். விலை மலிந்த, பெரிய, பெயரில்லாத கோர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன. பார்வைக்குப் பெரிது, எண்ட் டேங்குக்குள் கூர்மையான திருப்பம், உள்ளே காற்றுக்கு மூச்சுத் திணறல்.

சூடு ஊறிப்போவது

இன்னொன்றும் இருக்கிறது. என் கணிப்பில் பலர் வாங்க வேண்டிய உண்மையான காரணம் இதுதான். 150 கிலோவாட் அளவுக்கு உழைக்கும் இன்ஜின் நொடிக்குச் சுமார் 150 கிராம் காற்றை இழுக்கும். அதில் 76 டிகிரியை எடுக்க வேண்டும் என்றால், வெளியேற்ற வேண்டிய சூடு 11 கிலோவாட்டுக்கும் மேல். சமையலறையில் இருக்கும் 2 கிலோவாட் மின்கெட்டில் ஐந்தாறை ஒரே நேரத்தில் போட்டது போல.

வண்டி ஓடும்போது அந்தச் சூட்டை எதிர்க்காற்று கொண்டுபோய்விடும். ரோபோவில் (சிக்னல் விளக்கில்) சிவப்புக்கு நிற்கும்போதோ, கூட்டத்தில் ஊர்ந்து போகும்போதோ எதிர்க்காற்று இல்லை. பச்சை விழுந்ததும் அழுத்தினால் முதல் சில நொடிகளில் சூட்டை வாங்கிக்கொள்வது கோரின் உலோகம் மட்டுமே. 6 கிலோ அலுமினியம் இந்த வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி சூடேறும். அதே வேலையை 3 கிலோ கோர் செய்தால் நொடிக்கு 4 டிகிரி. இப்படி உலோகமே சூடேறி, அதற்கு மேல் சூட்டை வாங்க முடியாமல் நிற்பதைத்தான் ஹீட் சோக் என்கிறார்கள்.

இதுவரை: கோர் பெரிதாக இருப்பதால் இரண்டு பயன். சூட்டைக் கொட்டப் பரப்பு கூடுகிறது, சூட்டைக் கொஞ்ச நேரம் தாங்க எடை கூடுகிறது. ஆனால் உள்வழி நெருக்கமாக இருந்தால் இரண்டு பயனும் அழுத்த இழப்பில் கரைந்துபோகும்.

பவர் ஏறுமா?

இன்டர்கூலரே இல்லாத வண்டியில் 125 டிகிரிக் காற்றை 49 டிகிரிக்கு இறக்கினால் ஒரு படிக் காற்றின் எடை சுமார் 23 சதவீதம் கூடும். ஆனால் இன்று ஓடும் டர்போ வண்டிகள் அநேகமாக எல்லாவற்றிலும் தொழிற்சாலை இன்டர்கூலர் ஏற்கெனவே இருக்கிறது. அது 60 சதவீதத் திறனில் 68 டிகிரிக்கு இறக்குகிறது என்று வைத்துக்கொண்டால், புதிய கோரால் கிடைக்கும் கூடுதல் எடை 6 சதவீதம் அளவுக்குத்தான். ஒற்றை ஓட்டத்தில் அதைக் கையால் உணர்வதே கடினம்.

அப்படியானால் பணம் வீணா? இல்லை. சிலிண்டருக்குள் காற்று அதிகச் சூட்டோடு வந்தால், ஸ்பார்க் பிளக் பற்றவைப்பதற்கு வெளியே, ஓரத்தில் மிஞ்சிய கலவை தானாக வெடிக்கும். சுத்தியலால் தட்டுவது போன்ற அந்த வெடிப்பு நாக்கிங், பிஸ்டனை உடைக்கக்கூடியது. இன்ஜினை ஆளும் கணினியான இசியூ, உள்ளே வரும் காற்றின் சூட்டையும் நாக்கிங்கையும் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆபத்து என்று கண்டால் பற்றவைக்கும் நேரத்தைத் தள்ளிப்போடும், சில வண்டிகளில் பூஸ்டையும் குறைக்கும். வண்டி திடீரென்று சோர்ந்துபோவது அதனால்தான். நல்ல இன்டர்கூலர் இந்தச் சோர்வைத் தடுக்கிறது. முதல் முடுக்கலில் இருந்த இழுவை ஐந்தாவது முடுக்கலிலும் இருக்கும். பூஸ்டை ஏற்றி டியூன் செய்த வண்டிக்கு இது பாதுகாப்பும்கூட.

இந்த நாட்டின் சாலையே இதற்கு நல்ல பரிசோதனைக் கூடம். டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஏறினால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டியதும் டவுன் ஹில் என்ற ஏற்றம். நாலு பேர், மூட்டை முடிச்சு, ஜனவரி வெயில், லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துவிட்டு இடம் கிடைத்ததும் முழு அழுத்தம். தொழிற்சாலை கோர் ஊறிப்போவது இந்த மாதிரி இடத்தில்தான்.

ஜொகன்னஸ்பர்க்குக்குப் போனால் கதை இன்னும் இறுகும். அங்கே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் 82 சதவீதம் அளவுதான். மீட்டர் அதே 1 பார் காட்டினாலும் டர்போ காற்றை இரண்டு மடங்குக்கு அல்ல, 2.2 மடங்குக்கு அமுக்க வேண்டியிருக்கிறது. அதே 30 டிகிரி நாளில் வெளிவரும் காற்று 140 டிகிரியைத் தொடும். சூட்டை அள்ள வேண்டிய வெளிக்காற்றும் மெலிந்திருக்கிறது. ஜொகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் டர்போ வண்டி வைத்திருப்பவருக்கு டர்பன்காரரைவிட நல்ல இன்டர்கூலர் தேவை.

பெட்ரோல் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கடலோரத்தைவிட்டு உள்ளே, உயரமான பகுதியில் 93 ஆக்டேன் விற்கிறார்கள். ஆக்டேன் என்பது பெட்ரோல் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. மெலிந்த காற்றில் டர்போ இல்லாத இன்ஜின் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, அதனால் 93 போதும் என்பது அதன் நியாயம். டர்போ அந்த இழந்த அழுத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது. ஆகவே அந்த நியாயம் டர்போவுக்குப் பொருந்தாது. டேங்க் மூடியில் 95 என்று போட்டிருந்தால் எந்த உயரத்திலும் 95 தான்.

லேக் பயம்: 63 மி.மீ. வெளிவிட்டமும் 2 மி.மீ. தடிப்பும் உள்ள குழாய் ஒரு மீட்டருக்கு 2.7 லிட்டர் காற்று பிடிக்கும். கோரையும் சேர்த்து மொத்தம் 6 லிட்டர் கூடியதாக வைத்துக்கொள்வோம். 2 லிட்டர் இன்ஜின் 3,000 சுற்றில் நொடிக்கு 50 லிட்டர் விழுங்குகிறது. கூடுதல் 6 லிட்டரை நிரப்ப ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் ஆகும். மாட்டிய பிறகு வண்டி உண்மையிலேயே மந்தமாகத் தெரிந்தால், அளவைக் குறை சொல்லாமல் கசிவைத் தேடுங்கள்.

உங்கள் வண்டிக்குப் பொருந்துமா

வாங்குவதற்கு முன் இப்போது இருக்கும் இன்டர்கூலர் எங்கே என்று பாருங்கள். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், பழைய 3.0 டி-4டி ஹைலக்ஸ் பக்கி (பிக்கப் வண்டி) இவற்றில் அது இன்ஜினுக்கு மேலே, பானட்டில் உள்ள காற்று வாய்க்குக் கீழே இருக்கும். கீழிருந்து இன்ஜின் சூடு ஏறும் இடம் அது. இவற்றில் முன்பக்கத்துக்கு மாற்றினால் பலன் தெளிவாகத் தெரியும், ஆனால் குழாய் வேலை அதிகம்.

கோல்ஃப் 7 ஜிடிஐ-யில் இன்டர்கூலர் ஏற்கெனவே முன்னால்தான் இருக்கிறது, ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில். அதற்கு வரும் மாற்றுக் கோர் அதே இடத்தில் உட்காரும். குழாய் வெட்ட வேண்டியதில்லை, ஆனால் முன்பகுதிச் சட்டத்தை முன்னே தள்ளி வைத்துத்தான் வேலை செய்ய முடியும்.

புதிய போலோவின் 1.0 டிஎஸ்ஐ, கோல்ஃப் 7-இன் 1.4 டிஎஸ்ஐ இன்ஜின்களில் காற்றைத் தண்ணீரால் குளிர்விக்கிறார்கள். கூலர், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கிறது. பம்பருக்குப் பின்னால் தெரிவது அந்தத் தண்ணீரை ஆற்றும் சின்ன ரேடியேட்டர். இந்த வண்டிகளுக்கு யாராவது பொதுவான முன்பக்கக் கிட் விற்க வந்தால் வாங்க வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, பம்பர் திறப்பில் வெளிக்காற்று நேரே படும் உயரம்தான் கணக்கு. இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கோர்ப் பரப்பு எடை மட்டும்தான் தரும். தடிப்பு 60 முதல் 76 மி.மீ. போதும், அதற்கு மேல் தடித்தால் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்குக் காற்று போகாது, இன்ஜின் தண்ணீர் சூடேறும். குழாய் விட்டம் 150 முதல் 220 கிலோவாட் வரை 57 அல்லது 63 மி.மீ. பட்டையும் தகடும் அடுக்கிச் செய்த பார்-பிளேட் கோர் கனம், சூடு தாங்கும், கல் அடியும் தாங்கும். டியூப்-ஃபின் கோர் இலேசு, பின்னால் ரேடியேட்டருக்குக் காற்றை விடும். ஊருக்குள்ளும் மலையேற்றத்திலும் ஓடும் தெரு வண்டிக்கு நான் முதலாவதைச் சொல்வேன்.

தொடங்குமுன்

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாத மாற்றம் பின்னால் கிளெய்ம் நாளில் முட்டுக்கட்டையாகும்.

கருவிகள்: 8, 10, 13 மி.மீ. சாக்கெட், வோக்ஸ்வாகன் என்றால் டி20, டி25, டி30 டார்க்ஸ், டிராலி ஜாக், ஆக்சில் ஸ்டாண்ட் இரண்டு, ஹாக்ஸா, அரம், டேப், மார்க்கர். பாகங்கள்: கோர், குழாய்கள், குழாய்களை இணைக்கும் நாலடுக்கு சிலிகான் கப்ளர்கள், ஒரு கப்ளருக்கு இரண்டு கிளாம்ப், உபரியாக இரண்டு. முதல் முறை என்றால் இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். திங்கள் காலை வேலைக்குப் போக வேறு வண்டி இருக்கட்டும்.

ஆக்சில் ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல் வேண்டாம். செங்கல் எச்சரிக்காமல் நொறுங்கும்.

கழற்றுவதும் பொருத்துவதும்

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். முன்பகுதியில் ஏர்பேக்குக்கான மோதல் சென்சார்கள் இருக்கலாம். அவற்றை இடம் மாற்றக் கூடாது, பிராக்கெட்டைத் திருப்பி மாட்டவும் கூடாது. பிறகு சக்கர வளைவு உறையின் திருகுகள், பம்பரின் மேல் திருகுகள், கீழ்த் திருகுகள் என்ற வரிசையில் எடுத்து, இருவராகப் பம்பரை நேராக முன்னே இழுங்கள். ஃபாக் லைட்டின் ஒயர் பிடித்துக்கொண்டிருக்கும். அதை முதலில் எடுக்காமல் இழுத்தால் பிளக் உடையும்.

பம்பருக்குப் பின்னால் குறுக்கே இருக்கும் கனமான சட்டம் மோதலைத் தாங்குவதற்கானது. கோர் இடிக்கிறது என்று அதை வெட்டுகிறார்கள். செய்யாதீர்கள். பிளாஸ்டிக்கை வெட்டலாம், காற்று வழிகாட்டியை வெட்டலாம், அந்தச் சட்டத்தைத் தொடக் கூடாது. அதை வெட்டினால்தான் பொருந்தும் என்றால் அந்தக் கோர் உங்கள் வண்டிக்கானதல்ல.

ஏசி கண்டென்சர் வழியில் இருந்தால், குழாய்கள் இணைந்தபடியே மெதுவாகச் சாய்த்து நைலான் கயிற்றால் கட்டிவையுங்கள். அந்தக் குழாய்களைத் திறப்பது வீட்டு வேலையல்ல. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் வாயு கண்ணையும் தோலையும் உறையவைக்கும்.

பழைய குழாய்களைக் கழற்றும்போது உள்ளே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும்; அது இயல்பு. கரண்டிக் கணக்கில் எண்ணெய் வழிந்தாலோ, உலோகத் துகள் மின்னினாலோ நிறுத்துங்கள். டர்போ சாகத் தொடங்கியிருக்கிறது. டர்போ உடைந்த வண்டியிலிருந்து வந்த பழைய கோரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கோரின் குழாய்களுக்குள் ஒளிந்த துகளை முழுக்கக் கழுவி எடுக்க முடியாது, ஒரு நாள் அது இன்ஜினுக்குள் போகும்.

புதிய கோரை முதலில் இறுக்காமல் தொங்கவிட்டுப் பாருங்கள். மட்டம் சரியா, பம்பர் மேலே உட்காருமா, கண்டென்சரில் உரசாமல் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தபின் பிராக்கெட்டை இறுக்குங்கள். பிராக்கெட்டுக்கும் கோருக்கும் நடுவே ரப்பர் வாஷர் வையுங்கள். நேரடியாக இறுக்கிய கோரில் அதிர்வால் வெல்டு விரியும். பிறகு கோரின் ஓரங்களுக்கும் பம்பர் திறப்புக்கும் இடையே உள்ள இடைவெளிகளை நுரைப் பட்டையால் அடையுங்கள். காற்று சுலபமான வழியைத்தான் தேடும். பக்கத்தில் சந்து இருந்தால் கோரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். நான் பார்த்தவரை பெரும்பாலோர் தாண்டிப்போவது இந்தப் பட்டையைத்தான்.

குழாய்களில் இன்ஜினோடு அசையும் பகுதி ஒன்று, வண்டிச் சட்டத்தோடு நிற்கும் பகுதி ஒன்று. குறுக்காக உட்கார்ந்த இன்ஜின் அழுத்தி விடும்போது 20, 30 மி.மீ. கூட ஆடும். இந்த இரண்டு பகுதியும் சந்திக்கும் இடத்தில் நடுவில் வீங்கிய ஹம்ப் கப்ளர் போட வேண்டும். அங்கே நேரான கப்ளரைப் போட்டால் எந்தக் கிளாம்பும் தாங்காது. சட்டத்தின் விளிம்பை ஒட்டிப் போகும் குழாய்க்கு 10 மி.மீ. இடைவெளியாவது விடுங்கள், உரசினால் அலுமினியம் சில மாதத்தில் ஓட்டையாகும்.

பழைய குழாயில் இருந்த அழுத்த சென்சார், காற்றுச் சூட்டு சென்சார் இரண்டையும் மறக்காமல் புதுக் குழாய்க்கு மாற்றுங்கள், புது ஓ-ரிங்கோடு.

கப்ளர்: எல்லாம் இங்கேதான் இருக்கிறது

ஹோஸ் கழலும் வண்டிகளில் பத்துக்கு ஒன்பது கதை இந்த ஒரு அங்குலத்தில் நடக்கிறது. அதனால் நெருங்கிப் பார்ப்போம்.

குழாயின் நுனிக்குச் சற்று உள்ளே, சுற்றிலும் 2, 3 மி.மீ. மேடு இருக்கும். அதற்கு பீட் என்று பெயர். கப்ளர் அதைத் தாண்டி உள்ளே வர வேண்டும், கிளாம்ப் பீட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். அப்போது காற்று தள்ளினால் கிளாம்ப் மேட்டில் முட்டி நிற்கும். கிளாம்ப் பீட்டின் மேலேயே உட்கார்ந்தால் இறுக்கமாகத் தோன்றும். முதல் பூஸ்டில் சரிந்து போகும்.

நீளம் குறைக்கக் குழாயை வெட்டும்போது பலர் பீட் இருக்கும் நுனியையே வெட்டிவிடுகிறார்கள். மொட்டைக் குழாயில் மாட்டிய கப்ளர் நிற்காது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அலுமினிய வெல்டிங் செய்பவரிடம் கொடுத்து நுனியைச் சுற்றி மெல்லிய வெல்டு மேடு ஓட்டச் சொல்லுங்கள். அரைமணி வேலை. வெட்டிய ஓரத்தை அரத்தால் மழுக்கி, குழாயைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துணி கட்டிய குச்சியை உள்ளே விட்டு இழுங்கள். துணியில் வெள்ளித் துகள் வராத வரை இழுங்கள்.

மாட்டும்போது குழாயின் வெளிப்புறமும் கப்ளரின் உட்புறமும் எண்ணெய் இல்லாமல் இருக்க வேண்டும். பிரேக் கிளீனர் நனைத்த துணியால் குழாயைத் துடையுங்கள். உள்ளே நுழையவில்லை என்று கிரீஸ் தடவினால், போகும்போது எப்படி வழுக்கியதோ பூஸ்டிலும் அப்படியே வழுக்கும். ஹேர் ஸ்பிரே அடித்து ஈரம் காயுமுன் நுழையுங்கள். முதலில் வழுக்கும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு பக்கமும் 25 முதல் 30 மி.மீ. உள்ளே போக வேண்டும். நடுவில் இரு குழாய் நுனிகளுக்கும் இடையே 5 முதல் 10 மி.மீ. இருக்கட்டும்.

கிளாம்பை இறுக்கும்போது கடைக்காரர் தாளில் கொடுத்த அளவே முதல் கணக்கு. அளவு இல்லையென்றால் கண்ணால் பாருங்கள். பட்டை கப்ளரில் சமமாகப் பதிந்து நிற்க வேண்டும். பட்டையின் ஓரத்தில் சிலிகான் பிதுங்கத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது, அந்த இடம் உள்ளே வெட்டுப்படும். மின்ரென்ச்சை இங்கே எடுக்காதீர்கள். ஹாட் சைடில் எண்ணெய் ஆவி அதிகம். சாதாரண சிலிகான் எண்ணெயில் ஊறி மெத்தென்று ஆகும். டர்போவை ஒட்டிய கப்ளராவது உட்புறம் ஃபுளோரோசிலிகான் பூசியதாக இருக்கட்டும்.

இதுவரை: பீட் இருக்க வேண்டும், கிளாம்ப் அதற்குப் பின்னால், பரப்பு எண்ணெயில்லாமல், அசையும் இடத்தில் ஹம்ப். இந்த நாலும் சரியாக இருந்தால் ஹோஸ் கழலாது.

பம்பர் மாட்டுவதற்கு முன் கசிவுச் சோதனை

டர்போவின் வாய் அளவுக்குப் பிவிசி மூடி ஒன்று வாங்கி, நடுவில் துளையிட்டு டயர் வால்வு பொருத்துங்கள். காற்று வடிகட்டிக் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த மூடியைச் சிலிகான் துண்டும் கிளாம்பும் வைத்து டர்போ வாயில் மாட்டுங்கள். இன்ஜினின் எண்ணெய்ப் பகுதியிலிருந்து அங்கே வரும் மூச்சுக் குழாயைத் தனியே அடையுங்கள். அடைக்காவிட்டால் அழுத்தம் எண்ணெய் சீல்களைத் தள்ளும். ரெகுலேட்டர் உள்ள கம்ப்ரசரால் 0.2 பாரில் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். உங்கள் வண்டியின் பூஸ்டுக்கு மேல் ஏற்ற வேண்டாம். மூடிக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். அது கழன்றால் கல்லைப் போலப் பறக்கும்.

சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். நுரை பூத்தால் கசிவு. அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது வால்வு, பிஸ்டன் வழியாக. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். காதில் விழும் சீறலும் கண்ணில் படும் நுரையும்தான் தேடுவது.

கசிவோடு ஓட்டினால் என்ன ஆகும்? காற்றை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டியில், அளந்த காற்றில் ஒரு பங்கு வெளியே போய்விட, இசியூ அளந்ததற்கே பெட்ரோல் ஊற்றும்; கலவை கொழுத்து, கறுப்புப் புகை, திக்கல். இதே காரணத்துக்காகத்தான் அந்த வண்டிகளில் ‘புஸ்’ சத்தத்துக்காகக் காற்றை வெளியே விடும் வால்வு போடக் கூடாது. காற்று திரும்ப டர்போ வாய்க்கே போக வேண்டும். அழுத்தத்தை மட்டும் அளக்கும் வண்டியில் அடையாளமே தெரியாமல் இருக்கலாம். கேட்ட அழுத்தம் வரவில்லை என்று டர்போவை மேலும் மேலும் சுற்றவிடும். அது அளவு மீறிச் சுற்றித் தேயும். அதனால் இந்த இரண்டாவது வகைக்குச் சோதனை இன்னும் அவசியம்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

பம்பரை மாட்டி, பேட்டரியை இணைத்து, முதலில் ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். தண்ணீர்ச் சூட்டு முள் வழக்கத்தைவிட ஏறினால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை. விசிறி ஓடுகிறதா, கண்டென்சருக்கும் கோருக்கும் நடுவே பை, காகிதம் எதுவும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டியின் கணினி தரவைப் படிக்க இருக்கும் ஓபிடி சொருகியில் மாட்டும் சின்னக் கருவியால் உள்ளே வரும் காற்றின் சூட்டைப் போனில் பார்க்கலாம். வெளிச்சூட்டோடு ஒப்பிடுங்கள். வேகமாக ஓடும்போது 15, 20 டிகிரி வித்தியாசத்துக்குள் நின்றால் கோர் வேலை செய்கிறது. மாட்டுவதற்கு முன்பே ஒரு முறை அதே ஏற்றத்தில், அதே நேரத்தில் பார்த்துக் குறித்துவைத்திருந்தால்தான் இந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

டர்பன் கடலோரத்தில் உப்புக் காற்று அலுமினியத்தை அரிக்கும், குறிப்பாக இரும்பு போல்ட் தொடும் இடத்தில். அங்கே நைலான் வாஷர் வைத்து, மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். அழுத்தக் குழாயால் கிட்ட நின்று அடித்தால் ஃபின் மடங்கும்.

கடைசியாக, பம்பர் போடுமுன் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை. ஒவ்வொரு இணைப்பிலும் கப்ளரிலிருந்து குழாய் வரை வெள்ளை பெயிண்ட் பேனாவால் ஒரு நேர்கோடு இழுத்துவிடுங்கள். சிலிகான் முதல் சில முறை சூடேறி ஆறும்போது சற்று அமுங்கும், கிளாம்ப் தளரும். 100 கிலோமீட்டரிலும் 500 கிலோமீட்டரிலும், வண்டி ஆறிய பிறகு டார்ச்சோடு கீழே குனிந்து கோடுகளைப் பாருங்கள். கோடு நேராக இருந்தால் கிளாம்பை மட்டும் மறுபடி அளவுக்கு இறுக்குங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நடுவில் 2 மி.மீ. அலுமினியம் தெரிந்தால் கப்ளர் நகர்ந்திருக்கிறது. அதை மேலே இறுக்கிப் பயனில்லை. முழுக்கக் கழற்றி, எண்ணெயைத் துடைத்து, பீட்டைத் தாண்டி மறுபடி ஏற்றி, புதுக் கோடு போடுங்கள்.